பசை காய்கிற வரைக்கும்

ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சாலும் மோவாயாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சுகந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர், இடது பக்கம் நின்றுபோன தறி, வலது பக்கம் இன்னொரு தறி. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு என்று கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்கு வரும். பள்ளிபாளையத்துப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. வீட்டோடு ஒட்டின ஷெட்டில் நாலு தறி, நாலும் கம்மென்று நின்றன. நடுவில் சிமெண்டுத் தரையில் அவள் புருஷன் பூபதி தூங்கிக்கொண்டிருந்தான், இரண்டு காதிலும் பஞ்சோடு. தறிச் சத்தத்துக்கு வேஸ்ட் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வது அவனுக்குப் பதினாலு வருஷத்துப் பழக்கம். இப்போது தறி நின்றிருந்தாலும் அடைத்தால்தான் தூக்கம் வரும். வாசலில் வேப்பமரத்தடியில் மாமியார், பக்கத்து வீட்டுப் பெண்களோடு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே மகள் தன்விகா, மூன்றரை வயசு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளைத் தரையில் நட்டு நட்டு ஊர் கட்டிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால். மூன்றே கால் வரைக்கும் பிடிக்க வேண்டும். அதற்கு அப்புறம் மாட்டுகிற வேலை. கரண்டு வந்து தறி ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் போச்சு, இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

பெட்டி ஒன்றும் பெரிசில்லை, இரண்டு செருப்பு டப்பாவை ஒன்றின் மேல் ஒன்று வைத்த அளவு. போன தீபாவளிக்கு நூல் கடைக்காரர் கொடுத்த கையளவு ஸ்பீக்கர் கீச்சுக் கீச்சென்றுதான் பாடும், அடி என்பதே வராது. அடிக்கு மட்டும் என்று தனியாக ஒரு பெட்டி செய்யலாம் என்று வீடியோவில் காட்டினார்கள். சப்வூஃபர் என்றார்கள். ஊர் மைக்செட்காரர்கள் அதையே பேஸ் பெட்டி என்பார்கள். பழைய இரும்புக்கடையில் ஏதோ ஒரு வேனில் இருந்து கழற்றின ஐந்து இன்ச் ஸ்பீக்கர் கிடைத்தது, காகிதம் கிழியாதது. தண்ணீர்க் கனெக்‌ஷன் போட்டபோது மிச்சமான குழாய்த் துண்டு காற்று போக ஓட்டைக்கு ஆயிற்று. பலகைக்கு, அவள் கல்யாணத்துக்கு வந்த கட்டிலின் தலைப்பலகை. கால் உடைந்து பரணில் கிடந்த கட்டில்தானே. தச்சரிடம் கொடுத்து அளவு வெட்டி, வட்டம் போட்டு வாங்கியாயிற்று. உள்ளே இரண்டு கைப்பிடி வேஸ்ட் பஞ்சு. நாலு பக்கமும் முன்பலகையும் முந்தாநாளே ஒட்டிக் காய்ந்துவிட்டன. பின்பலகைதான் பாக்கி, அதுதான் பேய்ப் பலகை. மழையில் நனைந்து ஒரு மூலை வளைந்திருக்கிறது. சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்துக் கட்டினாள், மூன்று மூலை பணிந்தது, நாலாவது நகக்கண் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆணி அடித்துப் பார்த்தாள், ஓரம் பிளந்தது. தறியில் தொங்குகிற எடைக்கல்லைக் கழற்றி வைக்கலாம் என்றால் பாவு நூல் தொங்கிப்போகும், அப்புறம் பூபதி தொங்கவிடுவான் மூஞ்சியை. கடைசியில் தன் உடம்புதான் எடைக்கல். இந்த மூலையில் காற்று கசிந்தால் அடி வராது, பூனை தும்மின மாதிரிப் புஸ்ஸென்று போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, என்ன அம்மிணி, கோயில் நோம்பிக்கு மைக்செட் வாடகைக்கு விடப் போறியா என்று கேட்டாள். பூபதி போன வாரம் முழுக்க எல்லாரிடமும் எங்கூட்டுக்காரி இஞ்சினியருங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தார் சுத்தையில பாட்டுக் கேக்க என்று அவனிடம் சொல்லியிருந்தாள். சொன்னது பொய்தான். சிரித்துக்கொண்டே சொன்ன பொய் என்பதால் அவனும் சிரித்துக்கொண்டே நம்பினான்.

மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஊதினாள். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் உட்கார்ந்தது, வாடகை கொடுத்த மாதிரி. கையை எடுக்க முடியாது. பெட்டியின் பாரத்தில் பாதம் இரண்டும் மரத்துப்போய் யாருடைய பாதமோ போல இருந்தன. எட்டாம் மாசத்திலும் இப்படித்தான் வயிற்றைக் கட்டிக்கொண்டு இதே சுவரில் சாய்ந்திருந்தாள், இதே தார் சுற்றுகிற மிஷினுக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம் இரண்டு தறி அந்தப் பக்கம் இரண்டு தறி ஓட ஓட. சடக் சடக் சடக் சடக். வயிற்றுக்குள் குழந்தை அந்தத் தாளத்துக்கு உதைக்கும். உதைக்குதுங்க என்று பூபதியின் கையைப் பிடித்து வைப்பாள். அந்தச் சத்தம் உள்ளே போயிருக்குமோ. போனால் என்ன, இந்தத் தெருவில் எந்தக் குழந்தை அந்தச் சத்தம் கேட்காமல் பிறந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் பையன் மூன்று தெரு தள்ளி ஐஸ் வண்டி மணி அடித்தால் ஓடுகிறான். அப்படியென்றால் காரணம் அது இல்லை. ஆறாம் மாதத்தில் வந்த காய்ச்சலாக இருக்குமோ, நாலு நாள் நெருப்பாகக் கொதித்ததே. இரண்டாம் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தறிக்குப் பாவு நூல் பிணைக்க ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். சோறாக்கிக்கொண்டிருந்தேன் என்று யாரிடமாவது சொன்னால் காரித் துப்பமாட்டார்களா. யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல நாடா சிக்கின தறி மாதிரி நின்றது. நின்ற இடத்தில் அண்டா மூடி விழுந்தது. எத்தனையாவது முறை என்று தெரியவில்லை. ஒரு மாதமாகத் தினமும் மனசுக்குள் விழுகிறது.

போன மாதம் இதே மாதிரிக் கரண்டு இல்லாத நாள். கொல்லையில் துவைக்கிற கல், பக்கத்தில் வீட்டு வேலைக்குக் கொட்டி மிச்சமான மணல். மணலில் தன்விகா கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். சுகந்தி அண்டாவைக் கழுவித் தூக்கும்போது மூடி வழுக்கிக் கல்லின் மேல் விழுந்து, உருண்டு, சுழன்று சுழன்று அடங்கியது. தறி ஓடாத ஊரில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும். மதில் மேல் இருந்த காக்கை நாலும் பறந்தன. மாமியார் உள்ளே இருந்து என்னத்தடி போட்டு உடைச்சே என்று அலறினார். தன்விகா மட்டும் மணலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டாங்கச்சி ஊற்றி முடித்து, அடுத்ததை அள்ளினாள். சுகந்தி அவள் பேரைச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் பெரிசாகச் சொன்னாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். மதிலுக்கு மேல் நீண்டிருந்த வேப்பங்கிளையில் இருந்து பழம் ஒன்று மணலில் விழுந்ததைக் கண்டு குழந்தை நிமிர்ந்து, திரும்பி, அம்மா நிற்பதைப் பார்த்து, வாயெல்லாம் சிரித்தது. மூடி விழுந்தது. காக்கை பறந்தது. அவள் அள்ளினாள். ஒருவேளை விளையாட்டு மும்முரமாக இருக்கலாம். ஒருவேளை காதில் மணல் போயிருக்கலாம். மணலா, ஏன் சுகந்தி, இரண்டு காதிலுமா.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று யாராவது கேட்டால் இந்த ஊருக்கு வந்து ஒரு நாள் இருந்து பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தறி வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது, ஜாடைதான். விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிட வா. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாச்சு. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் தார் தீர்ந்துபோச்சு. மிச்சம் எல்லாம் உதட்டசைவு. அந்தக் குழந்தைக்குத் தெரியாத ஜாடை இல்லை. என்ன சூட்டிகை, கண்ணாலேயே எல்லாம் புடிச்சுக்கறா என்று பாவு பிணைக்க வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அம்மா பேசும்போது மடியில் ஏறி அவள் தொண்டைக்குழியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள்; கழுத்தை நெரிக்கிறா பாரு என்று மாமியார் சிரிப்பார், சுகந்தியும் சிரித்திருக்கிறாள், ஐயோ, சிரித்திருக்கிறாள். மூடி விழுந்த நாளுக்கு அப்புறம் ஒரு மாதம் ஒளிந்து ஒளிந்து சோதித்தாள். தலைக்குப் பின்னால் கைதட்டினாள். டம்ளரைக் கரண்டியால் அடித்தாள். ஆனால் பகல் ஷிஃப்டும் தறி, ராத்திரி ஷிஃப்டும் தறி, இந்த வீட்டு ஆள் நின்றால் எதிர் வீட்டுக்காரன் ஓட்டுகிறான். இந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை, அவளுக்கு எங்கே கேட்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சந்து கிடைத்தது, அதில் போய் ஒண்டிக்கொண்டாள். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு தறிக்கு நடுவில் மாட்டின மாதிரி, இந்தப் பக்கம் நகர்ந்தால் இது இடிக்கும், அந்தப் பக்கம் நகர்ந்தால் அது.

அங்கன்வாடி டீச்சர்தான் அந்தச் சந்தை அடைத்தார். ஒரு நாள் கூப்பிட விட்டு, இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற டாக்டர் இருப்பார், கூட்டிக்கொண்டு போ என்றார். ரெண்டு பேரும் போகோணும் சுகந்தி, ஒருத்தர் மட்டும் போனா வீட்டுல சண்டைதான் நடக்கும், புள்ளைக்கு ஒண்ணும் நடக்காது, எத்தனை சின்னதுல பாக்கறமோ அத்தனை நல்லது என்றார். இரண்டு தரம் பூபதியிடம் சொன்னாள். முதல் தரம் அவன் சிரித்தான். நானே நாலு வயசு வரைக்கும் வாயைத் தொறக்கலையாம், எங்கம்மாளைக் கேளு என்றான். இரண்டாம் தரம் சொன்னபோது எழுந்து நின்றான். குழந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இவன் பின்னால் போய்த் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். தன்விகா சட்டென்று திரும்பினாள். இப்பச் சொல்லு, காது கேக்காத புள்ளையா இது என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு.  அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த மிதிதான் அவன் கட்டின வீடு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு கதவைத் தாழ் போட்டுவிட்டான். வெளியே இருந்து எத்தனை தட்டினாலும், உள்ளே இருப்பவனுக்குக் கதவைத் தட்டுவது கேட்காது, அவன் காதில்தான் பஞ்சு ஆயிற்றே.

கடிகாரம் இரண்டே முக்கால். மூலையை ஓரக்கண்ணால் பார்த்தாள். பசை பிதுங்கின இடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரித் தெரிய ஆரம்பித்திருந்தது. காய்கிறது. காயட்டும் என்று ஒரு மனசு, காயாமலே இருக்கட்டும் என்று ஒரு மனசு. காய்ந்துவிட்டால் மாட்ட வேண்டும், மாட்டினால் போட வேண்டும், போட்டால் தெரிந்துவிடும், தெரிந்ததைத் திரும்பத் தெரியாததாக ஆக்க எந்தப் பசையும் கிடையாது. இந்தப் பெட்டி யோசனை வந்ததே கோயில் நோம்பியில்தான். பத்து நாளைக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் மைக்செட் கட்டியிருந்தார்கள். ஆள் உயரப் பேஸ் பெட்டி. தன்விகா கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிச் சிரித்தாள், இழுத்தால் வர மாட்டேன் என்று அழுதாள். பாருங்க, எப்பிடிப் பாட்டுக் கேக்குது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பூபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுகந்தியைப் பார்த்தான். சுகந்தி அந்தப் பெட்டி மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அடி கை வழியாக ஏறி முழங்கை வரைக்கும் வந்தது. வைத்த கையை எடுக்காமல் நின்றாள். மிதி, மூடி, மணல், தொண்டைக்குழி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்தக் கை வழியாக ஏறின. இதைப் போல ஒன்று சின்னதாக, வீட்டில், கரண்டு இல்லாத அமைதியில், அவன் முன்னால். பாட்டையும் அடியையும் பிரித்துக் காட்டிவிட்டால் போதும். ஆனால் எப்படிக் காட்டுவது? பெட்டியைப் போட்டால் குழந்தை திரும்பும், பார் கேட்குது என்பான். மிதிதான், பெட்டி வடிவத்தில். இத்தனை பாடுபட்டு அவனுக்கே இன்னொரு சாட்சி செய்து கொடுக்கிறோமோ என்று இப்போது, பின்பலகை ஒட்டி முக்கால்வாசி காய்ந்த பிறகு, தோன்றியது. நல்ல இஞ்சினியர்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. வெட்டினது போக மிஞ்சின தலைப்பலகை ஒரு நீள் துண்டாகத் தரையில் கிடந்தது. அதன் ஒரு நுனியில் துண்டை மடித்துப் போட்டுப் பூபதி தலை வைத்திருந்தான். மறு நுனியில் தன்விகா உட்கார்ந்திருந்தாள். நடுவில் போன். அவன் தூக்கம் கெடக்கூடாது என்று சுகந்திதான் மத்தியானமே சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள். திரையில் அவள் தங்கச்சி பேர் மின்னியது. போன் பலகையின் மேல் நண்டு மாதிரி நடுங்கி நகர்ந்தது. சுகந்தி பார்த்தாள், கையை எடுக்க முடியாமல், மோவாயைத் தூக்க முடியாமல். தன்விகா தார்க்குச்சியைக் கையில் பிடித்தபடி பின்னால் திரும்பினாள். பூபதி கண்ணைத் திறந்தான். போனைப் பார்த்தான், மகள் திரும்பியிருப்பதைப் பார்த்தான், அரைத் தூக்கத்தில் முகம் மலர்ந்தது.

“போன் அடிக்குது பாரு. அவளும் சத்தங் கேட்டுத் திரும்பறா. பாத்தியா புள்ள, பாத்தியா.”

சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டான். காதில் பஞ்சு அப்படியே இருந்தது. போன் நடுங்கி நின்றது. சுகந்தி பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தாள். அடிக்காத போனை அவன் கேட்டிருக்கிறான். காதை அடைத்துக்கொண்டு, ஓசையே இல்லாத ஒன்றைக் கேட்டு எழுந்து, மகளும் கேட்டாள் என்று சாட்சி சொல்லிவிட்டுத் தூங்குகிறான். சிரிப்பு வந்தது, மோவாய் குலுங்கினால் மூலை திறந்துகொள்ளும் என்று பல்லைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் துடைக்க முடியவில்லை, ஈ மட்டும் பயந்து பறந்தது. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். நாலு தறியும் ஓடிக்கொண்டிருக்கும், இவன் பஞ்சை அடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், திடீரென்று தட்டை வைத்துவிட்டு எழுவான். மூணாம் நம்பர் நின்னுபோச்சு என்பான். போய்ப் பார்த்தால் நூல் அறுந்து நின்றிருக்கும். எப்படிங்க தெரியுது என்று கல்யாணமான புதிதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். காலு சொல்லுது என்றான். காலு சொல்லுது. ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே அவன் வாயால் சொல்லிவிட்டான், அவளுக்குத்தான் இன்றைக்குக் கேட்டிருக்கிறது. இந்த வீட்டில் காலால் கேட்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் பஞ்சை எடுத்துவிடலாம். ஒருத்தியால் எடுக்க முடியாது.

மூன்றே காலுக்குக் கையை எடுத்தாள். விரல் விரியவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். டியூபை அவிழ்த்தாள், மூலை வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. ஸ்பீக்கரை வைத்துத் திருகினாள். தீப்பெட்டி அளவு ஆம்ப் போர்டு, அதற்குப் பூபதியின் வண்டியில் இருந்து கழற்றின பேட்டரி. அவன் எழுந்து பார்த்தால் அதற்கு ஒரு தனிக் கச்சேரி இருக்கிறது. போனில் இருந்து வருகிற ஒயர் இரண்டாகப் பிரியும், ஒன்று கைஸ்பீக்கருக்கு, ஒன்று பெட்டிக்கு. முதலில் கைஸ்பீக்கரை மட்டும் மாட்டினாள். இது அவளுக்காக. யாருக்கும் காட்ட அல்ல. நோம்பியில் எடுத்த உருமி மேளப் பாட்டை வைத்து, ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன்விகாவின் பின்னந்தலைக்கு ஒரு முழம் தள்ளிச் சத்தத்தை முழுசாக ஏற்றினாள். திரும்பு கண்ணு. ஒரே ஒரு தடவை திரும்பிவிடு, இந்தப் பெட்டியை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு உனக்கு வடை சுட்டுத் தருகிறேன். நான் பைத்தியக்காரி என்று ஊரே சிரிக்கட்டும், நானும் கூட நின்று சிரிக்கிறேன். தன்விகா பச்சைத் தார்க்குச்சிக்குப் பக்கத்தில் சிவப்பை நட்டாள். அது சாய்ந்தது. நிமிர்த்தி நட்டாள். பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. அண்டா மூடி சுழன்று சுழன்று, ஒரு மாதத்துக்குப் பிறகு, அடங்கியது.

மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பலகையின் நடுவில் வைத்தாள். கைஸ்பீக்கரைத் தறி மேல் வைத்துவிட்டு, இரண்டாவது ஒயரை மாட்டினாள். பாட்டைத் திரும்ப வைத்தாள். உருமி உறுமியது. பலகை அதிர்ந்தது, தறிக்கால் அதிர்ந்தது, அவளுடைய மரத்த பாதத்துக்கு உயிர் வந்தது. தன்விகா எழுந்து திரும்பி, நாலே எட்டில் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கன்னத்தை ஒட்டினாள். பூபதி எழுந்து உட்கார்ந்தான். நோம்பிப் பாட்டா என்று கேட்டான். மகளைப் பார்த்தான், சிரிப்பு காதுவரைக்கும் போனது, கை பஞ்சை எடுக்கப் போனது. சுகந்தி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“எடுக்காதீங்க. அப்பிடியே இருங்க, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். பாப்பாகூட கையை வைங்க.”

பாதி அவனுக்குக் கேட்டிருக்காது. உதடும் ஜாடையும் போதும் அந்த வீட்டில். என்னவோ விளையாட்டு என்று நினைத்து அவன் மகளுக்குப் பக்கத்தில் குந்தி, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தான். கேட்குது கேட்குது என்று தலையை ஆட்டினான், தாளம் போட்டான். தன்விகாவும் ஆட்டினாள். சுகந்தி அவன் பின்னால் போய் மண்டியிட்டு, பஞ்சுக்கு மேலே தன் இரண்டு கையையும் வைத்து அவன் காதைப் பொத்தினாள். ஒரு மணி நேரம் பலகையை அழுத்தின கை, அதே அழுத்து. அப்புறம் கால் கட்டைவிரலை நீட்டி, பெட்டிக்குப் போகிற ஒயரை மட்டும் வெடுக்கென்று இழுத்தாள்.

கைஸ்பீக்கர் பாடிக்கொண்டேதான் இருந்தது, முழுச் சத்தத்தில். நாயனம் கீச்சென்று ஷெட்டுக் கூரை வரைக்கும் போனது. பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது. பூபதி தாளம் போடுவதை நிறுத்தினான். தலையைத் திருப்பி அண்ணாந்து சுகந்தியைப் பார்த்து, கையை மல்லாத்தி விரித்து, ஏன் நிறுத்திட்டே என்று ஜாடையில் கேட்டான். பக்கத்தில் தன்விகாவும் அண்ணாந்து பார்த்து, அதே மாதிரிக் கையை மல்லாத்தி விரித்தாள். ஒரே மூக்கு, ஒரே புருவம், ஒரே கேள்வி. வாசலில் இருந்து மாமியார் இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டு ஓடிவந்து, காது கிழியுது, அந்தக் கருமத்தைக் கொறைச்சு வெச்சாத்தான் என்ன என்று கத்தினார். பூபதி அம்மாவின் வாயைப் பார்த்தான். காதை மூடின கையைப் பார்த்தான். கைஸ்பீக்கரில் மினுக்கிக்கொண்டிருந்த நீல விளக்கைப் பார்த்தான். சுகந்தி கையை எடுத்தாள். அவன் மெதுவாக ஒரு காதுப் பஞ்சை உருவினான், பிறகு மற்றதை. பாட்டு முழுசும் அவன் முகத்தில் வந்து விழுந்ததை அவள் பார்த்தாள். அவன் திரும்பி மகளைப் பார்த்தான். மகள் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது, ஏன் நிறுத்தினீங்க என்று. அவளுக்கு எடுக்கப் பஞ்சு இல்லை.

 யாரோ பாட்டை நிறுத்தினார்கள், மாமியாராகத்தான் இருக்க வேண்டும், நிறுத்திவிட்டுக் கதவோரம் போய் நின்றார். பூபதி கையில் இருந்த இரண்டு பஞ்சு உருண்டையையும் உருட்டிக்கொண்டே இருந்தான். தன்விகா பொறுமை இழந்து அவன் மடியில் ஏறி, வழக்கம்போல ஒரு கையைத் தொண்டைக்குழியில் வைத்தாள். ஐந்துக்கு முன்னாலேயே கரண்டு வந்துவிட்டது. எதிர் வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தரை நடுங்கத் தொடங்கியது. நாலு தறியில் ஒன்றைக்கூடப் போட அவன் எழவில்லை. சுகந்தியைப் பக்கத்தில் வா என்று விரலால் கூப்பிட்டான். தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அவன் மெதுவாகப் பேசினான், அவள் காதுக்குப் பக்கத்தில், குழந்தையின் கை அவன் தொண்டையை விட்டு எடுக்காமலே இருக்க.

“வியாழக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுத்தன்னா வெள்ளிக்கிழமை காத்தால எனக்கு முழிப்பு வராது புள்ள. தூக்கத்துல எதாச்சும் சொல்லி வெய்வேன், அதைக் காதுல போட்டுக்காதே. தண்ணிய ஊத்தியாச்சும் என்னைய எழுப்பி உட்டுரு.”